தொரைக்கு வைத்த பேச்சுப்பெட்டி

எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் உப்புத்தண்ணீர்த் தொட்டியில் ஒரு கப்பலைத் திருப்பலாம். சும்மா சொல்லவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் இழுவைக் கப்பல் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். எந்தத் தண்ணீரில் கப்பலைத் திருப்பலாம், எதில் திருப்ப முடியாது என்பதை இந்தக் கஸ்பார் மோத்தாவைக் கேட்காமல் யாரும் முடிவு செய்ததில்லை. என் மனைவி செலின் இந்த இடத்தில் குறுக்கிட்டு, "அறுநூறு லிட்டர்" என்பாள். ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்தவள். அவளுக்கு மருந்தும் அளவோடு இருக்க வேண்டும், பேச்சும் அளவோடு இருக்க வேண்டும். துறைமுகத்தில் நான் சொன்னதைப் பத்தால் வகுத்துக்கொள்வார்கள். வீட்டில் வகுப்பதற்குச் செலின் இருக்கிறாள்.

அந்தத் தொட்டியில் ஒரே ஒரு மீன். பெயர் தொரை. மஞ்சளும் நீலமுமாக உடம்பு முழுக்கக் கோடு போட்ட ஏஞ்சல் மீன். சோற்றுத் தட்டு அகலம் இருப்பான், திமிர் மட்டும் மூன்று தொட்டிக்குக் காணும். வந்து பதினேழு வருஷம் ஆகிறது. செலின் என்னிடம் ஒரு வாரத்தில் பேசுவதை அவனிடம் காலைக் காப்பி ஆறுவதற்குள் பேசி முடித்துவிடுவாள். அவனும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு கேட்பான். சாயங்காலம் ஆனால் ஓர் ஆட்டம் போடுவான். பாறையில் விலாவை உரசிவிட்டு வெட்டித் திரும்புவான், மறுபடி உரசுவான். வீட்டுக்கு யார் வந்தாலும் இருக்க வைத்து அந்த ஆட்டத்தைக் காட்டித்தான் அனுப்புவோம்.

அவனுக்குத் துணையாக இன்னொரு மீன் வேண்டும் என்று செலின்தான் முடிவு செய்தாள். அங்கேதான் பேச்சுப்பெட்டி வருகிறது.

பேச்சுப்பெட்டி என்றால் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கறுப்புச் சாமான். கண்ணாடியில் ஒட்டிவைத்தால் உள்ளே இருக்கும் மீனின் செவுள் துடிப்பு, துடுப்பின் சாய்வு, நிறம், தண்ணீரில் அது விடும் கழிவு எல்லாவற்றையும் கவனித்துத் தமிழில் சொல்லும். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கியம். குரல் ஒன்றே ஒன்று, நடுத்தர வயதுப் பெண் குரல். எங்கள் ஊருக்கான பதிப்பில் எங்கள் ஊர்ப் பேச்சே வரும்.

அது வந்த புதிதில் நாடு பட்ட பாடு இருக்கிறதே. உயிரோடு சிங்கி இறால் வைத்து விற்கும் கடைக்காரர் ஒருவர், கூட்டம் சேரட்டும் என்று இறால் தொட்டியில் ஒரு பெட்டியை ஒட்டினார். மத்தியானத்துக்குள் கடை மூடியது. மறுநாள் அதே இடத்தில் அவர் நுங்கு விற்றார். கூட்டத்தில் நின்றவர்கள் அதற்கப்புறம் ஏழு தலைமுறைக்குக் கத்தரிக்காய் தின்பதாகச் சத்தியம் செய்தார்கள் என்று கேள்வி.

பெரிய சேதம் வந்தது வீட்டுத் தொட்டிகளில்தான். கடலிலிருந்தோ பண்ணையிலிருந்தோ வரும் புது மீனை முப்பது நாள் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பழைய மீன்களோடு விட வேண்டும். ஊமை மீனாக இருந்தவரைக்கும் எல்லாரும் அதைச் செய்தார்கள். அது 'தனியா இருக்கு', 'பயமா இருக்கு' என்று நம் தமிழில் சொல்ல ஆரம்பித்ததும் எவனால் முப்பது நாள் கல் நெஞ்சோடு இருக்க முடியும்? மூன்றாம் நாளே கொண்டுபோய்ப் பெரிய தொட்டியில் விட்டார்கள். வெள்ளைப்புள்ளி நோய் வீடு வீடாகப் போய் விழுந்தது. ஊரில் பாதித் தொட்டி காலி. தொட்டித் தண்ணீரைச் சாக்கடையில் கொட்ட, அங்கிருந்து கழிமுகத்துப் பண்ணைகளுக்கும் நோய் போனது.

அரசாங்கம் விழித்துக்கொண்டு சட்டம் போட்டது. புது மீனுக்குத் தனிமைக் காலத்தில் பெட்டி கட்டாயம். நோய் தெரிந்தால் பெட்டியே மீன்வளத் துறை அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பிவிடும். நோய் கண்ட மீனை விற்ற பண்ணையில் ஒரு மீன் விடாமல் கொல்ல வேண்டும். மூன்று வருஷம் உரிமம் கிடையாது.

எங்களுக்கு மீன் கொண்டுவந்தவள் ஜெனோவா. தருவைக்குளம் பக்கம் ஒன்பது குளம் வைத்து அலங்கார மீன் வளர்ப்பவள். கூட எட்டுப் பெண்கள் வேலை பார்க்கிறார்கள். உறவுமுறையில் எங்களை மாமா, அத்தை என்பாள். வால் ஓரத்தில் கத்தி போல முள் வைத்த நீல மீன் ஒன்றைப் பையில் கொண்டுவந்தாள். அப்படி ஒரு நீலத்தை நான் கடலிலேயே பார்த்ததில்லை; வானம் அதனிடம்தான் கடன் வாங்கியிருக்க வேண்டும்.

"இவ்வளவு அழகா இருக்கு, உடம்புல ஒரு புள்ளி இல்ல. இப்பவே தொரைகிட்ட விட்டா என்னளா?" என்றேன்.

"மாமா, அந்த வெள்ளைப்புள்ளிப் பூச்சி மீன் மேல இருக்குதது நாலஞ்சு நாளுதான். அப்பத்தான் புள்ளியாத் தெரியும். பொறவு கீழ விழுந்து கல்லுலயோ மணல்லயோ ஒட்டிக்கிடும். அங்க கூடு கட்டி, ஒண்ணு நூறாகித் திரும்ப மேல வரும். இன்னைக்குப் புள்ளி இல்லன்னா நோய் இல்லன்னு அர்த்தம் கிடையாது."

"எத்தன நாள்ல திரும்ப வரும்?"

"பத்து நாள்லயும் வரும். ஒரு மாசம் பொறுத்தும் வரும்."

"முப்பது நாள்" என்றாள் செலின். "இருபத்தொன்பதே முக்கால்னு யாரும் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

யாரும் என்று அவள் சொன்னபோது அறையில் என்னைத் தவிர ஆண்பிள்ளை எவனும் இல்லை.

பின்னறையில் எண்பது லிட்டர்த் தொட்டி. மணல் கிடையாது, பாறை கிடையாது. ஒளிந்துகொள்ள நாலு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு, ஒரு காற்றுக் குழாய், கண்ணாடியில் பெட்டி. செலின் வலை, வாளி, துண்டு எல்லாவற்றுக்கும் நாடா ஒட்டினாள். பின்னறைக்குச் சிவப்பு, கூடத்துக்குப் பச்சை. சிவப்பு அறையிலிருந்து வந்தால் முழங்கை வரை சோப்புப் போட வேண்டும். முப்பது நாள் முடியாத மீனுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்பதும் அவள் சட்டம். ஆகவே நான் அதைப் புதுசு என்று கூப்பிட்டேன்.

முதல் நாள் புதுசு, "இது எங்க?" என்றது. "வெளிச்சம் கூசுது" என்றது. துணி போட்டு மூடினோம். இரண்டாம் நாள், "தனியா இருக்கு." மூன்றாம் நாள், "பசிக்குது."

பசிக்குது என்று சொல்லும், போட்டால் தின்னாது. உருண்டைத் தீவனம் போட்டோம், திரும்பிக்கொண்டது. இறாலை நறுக்கிப் போட்டோம்; பார்த்தது, அவ்வளவுதான். காய்ந்த பாசியைக் கிளிப்பில் மாட்டிக் கொடுத்தோம். குழாய்க்குள் போய் ஒளிந்தது. "பசிக்குது. பசிக்குது." ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம்.

"தின்னாமக் கிடந்தா செத்துராதா?" என்றேன்.

"நாலு நாள் தாங்கும். வார்டுலயும் இப்படித்தான், புது எடம்னா வாயத் தெறக்க மாட்டாங்க" என்று செலின் கோவிலுக்குக் கிளம்பிவிட்டாள்.

நாலாம் நாள் காலை அவள் வெளியே போன நேரத்தில் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

எங்கள் இழுவைக் கப்பலில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வேலைக்கு வருகிறவன் முதல் நாள் தன் தட்டில் சாப்பிடக் கூடாது. எங்கள் ஒவ்வொருவர் தட்டிலிருந்தும் ஒரு கை எடுத்துச் சாப்பிட வேண்டும். கேப்டன் தட்டு முதல் எண்ணெய் துடைப்பவன் தட்டு வரை. அப்புறம்தான் அவன் கயிற்றைத் தொடலாம். அப்படிச் சாப்பிடாத ஒருவன் கயிறு பிடித்து அந்தக் கயிறு அறுந்து கப்பல் இலங்கை வரைக்கும் போய்விட்டது. (செலின் கணக்கில், மணப்பாடு வரைக்கும்.) எங்கள் எச்சில் தின்றவன் எங்கள் ஆள். அவ்வளவுதான் சட்டம்.

கூடத்துத் தொட்டியில் தொரை பாதி கடித்து வைத்திருந்த பாசி கிளிப்பில் ஆடிக்கொண்டிருந்தது. அதை எடுத்து, தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு பின்னறைக்குப் போனேன். தண்ணீரில் விட்டேன். புதுசு குழாயிலிருந்து எட்டிப் பார்த்தது. வந்தது. ஒரு கடி. இன்னொரு கடி. தொரை கடித்த பல் தடத்திலேயே அது வாய் வைத்தது. அன்று மத்தியானம் வரைக்கும் பெட்டி வாயைத் திறக்கவில்லை.

அதன்பின் தினமும் காலை, செலின் கோவிலுக்குப் போனதும், தொரையின் தட்டிலிருந்து ஒரு கை. புதுசு கொழுத்தது. செலின் திரும்பி வந்து பார்த்து, "பாத்தீங்களா, நான் சொன்னம்லா, தானாத் தின்னும்னு" என்பாள். நானும் "நீ சொல்லி எது நடக்காமப் போச்சு" என்பேன்.

இருபத்திரண்டாம் நாள் புதுசின் மேல் ரவை தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள்.

"அரிக்குது" என்றது பெட்டி. பெட்டியின் ஓரத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. அலுவலகத்துக்குச் செய்தி போய்விட்டது என்று அர்த்தம். அரை மணியில் பதில் வந்தது: நாளை காலை பத்து மணிக்கு அதிகாரி வருகிறார்.

செலின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புள்ளிகளை எண்ணினாள். நாற்பத்தொன்று. "ஜெனோவா குளத்துல இருந்துதான் வந்திருக்கு. இங்க வந்து ஒட்ட வழியே கிடையாது. என் கையில தப்பு நடக்கல" என்றாள்.

நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்தேன். முப்பத்தாறு வருஷம் புயலிலும் வாய் மூடாதவன். அதிகாரி உட்காருவதற்கு நாற்காலியைத் துடைத்து வைத்தேன்.

சாயங்காலம் ஜெனோவா வந்தாள். அழுதுகொண்டு வருவாள் என்று பார்த்தால், சேலை நுனியில் உப்பு காய்ந்திருக்க, வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். புதுசைப் பார்த்தாள். புள்ளிகளைப் பார்த்தாள்.

"அத்தை, போன மாசம்தான் ஒன்பது குளத்துலயும் தண்ணி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். சுத்தம்னு எழுதிக் குடுத்தாங்க."

"எழுதிக் குடுத்தாப் போதுமா? புள்ளி இங்க இருக்கே."

"இருக்கு" என்றாள் ஜெனோவா. "நாளைக்கு ப்ளீச்சிங் பவுடர் மூட்டை வருமாம். நாலாயிரத்து முந்நூறு மீன். எல்லாக் குளத்துலயும் பெட்டி இருக்கு, ஒண்ணுகூட அரிக்குதுன்னு சொல்லல; சட்டம் அதக் கேக்காது. பவுடரைப் போட்டா அதுங்க என்ன சொல்லும்னு எங்க பிள்ளைங்க கேக்காளுவ. பெட்டியைக் கழட்டிட்டுப் போடலாம்னு சொல்லிருக்கேன்."

செலின் காப்பி போட உள்ளே போனாள். கூடத்தில் அது தொரையின் நேரம். அவன் தன் ஆட்டத்தை ஆரம்பித்தான். பாறையில் விலாவை உரசி, வெட்டித் திரும்பி, மறுபடி உரசினான். வந்தவர்கள் எல்லாரும் கைதட்டுவார்கள். ஜெனோவா கைதட்டவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து நின்றாள்.

"மாமா, இது எத்தன நாளா இப்படி ஒரசுது?"

"ஆட்டமா? அஞ்சாறு வருஷமா. அவனுக்கு நாட்டியம் நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"அதுக்கு முன்னால?"

"முன்னால கிடையாது."

"அந்த நேரத்துல ஏதும் புதுசா வாங்கி உள்ள வச்சீங்களா?"

காப்பியோடு வந்த செலின் பதில் சொன்னாள். "அந்தப் பவளப் பாறை. ஆறு வருஷம் முன்ன. ஏன் கேக்க?"

"பாறைய முப்பது நாள் தனியா வச்சீங்களா அத்தை?"

"பாறையயா?" என்று செலின் சிரித்தாள். "கல்லு என்ன இருமவா செய்யும்?"

ஜெனோவா காப்பியைக் குடித்தாள். டம்ளரை வைத்தாள். கிளம்பினாள். நான் படி வரைக்கும் பின்னால் போனேன்.

"ஜெனோ, நில்லு. நான் ஒண்ணு செஞ்சிருக்கேன்."

பாசி விஷயத்தைச் சொன்னேன். சுருக்கிக்கூடச் சொல்லவில்லை, நீட்டவும் இல்லை. அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நோய் தொரைகிட்ட இருந்துதான் போயிருக்கு. பழைய மீனுக்கு உடம்பு பழகிரும். புள்ளி வெளிய தெரியாது. செவுளுக்குள்ள இருந்து தின்னுக்கிட்டே இருக்கும். புது மீனுக்கு அந்தப் பழக்கம் இல்லல்லா, வாரி அடிச்சிருச்சு."

"நாளைக்கு அதிகாரிகிட்ட சொல்லிருதேன்."

"அவசரப்படாதீங்க மாமா." அவள் கீழே பார்த்துக்கொண்டே பேசினாள். "சொன்னா என் குளம் தப்பிக்கும். ஆனா தொரைய அந்தத் தொட்டில இருந்து எடுத்து முப்பது நாள் செம்பு மருந்துல போடணும். அந்தச் சாதிக்குச் செம்பு ஆகவே ஆகாது. பதினேழு வயசு வேற. பிழைக்குதது பாதிக்குப் பாதிதான். அத்தைக்கு அவன் யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க சொல்லணும்னு நான் கேக்க மாட்டேன்."

"நாலாயிரம் மீனுளா."

"நாலாயிரத்து முந்நூறு" என்றாள்.

மறுநாள் சரியாகப் பத்து மணிக்கு அதிகாரி வந்தார். இசக்கிராஜ் என்று பெயர். கையில் ஒரு பை. நல்ல மனுஷன், செருப்பை வாசலிலேயே விட்டு, கையைக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தார். செலினுக்கு அதிலேயே பிடித்துப்போயிற்று. ஜெனோவா சுவரோரம் நின்றாள். அவர் புதுசைப் பார்த்து, படம் எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்ப ஆரம்பித்தார்.

"தனிமை விதியெல்லாம் ஒழுங்காக் கடைப்பிடிச்சீங்களா சிஸ்டர்?"

"ஒண்ணு விடாம."

"இல்ல" என்றேன் நான். "நான் கடைப்பிடிக்கல. தொரை கடிச்ச பாசிய நான் கையாலயே எடுத்துட்டுப் போயி இதுக்குக் குடுத்தேன். தெனமும். நூறு தடவ."

இசக்கிராஜ் பேனாவை நிறுத்தினார். "இருபத்திரண்டு நாள்ல நூறு தடவையா?"

"பதினெட்டு" என்று திருத்தினேன். "நாலாம் நாள் காலைல இருந்து தெனம் ஒரு தடவ. நேத்துக் காலைல புள்ளியப் பாத்ததும் நிறுத்திட்டேன்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சார், எங்க பெரியப்பா துறைமுகத்துலதான் இருந்தாரு. திமிங்கலத்தைக் கயிறு கட்டி இழுத்துட்டுப் போயிக் கடல்ல விட்டது நீங்கதானே? அந்தக் கதைய அவர் சொல்லாத கல்யாண வீடு இல்ல. இந்தப் பிள்ளைக்காகச் சொல்லுதீங்கன்னு புரியுது. ஆனா இத நான் எழுத முடியாது."

இதுவரை நான் சொன்ன பொய்கள் எல்லாவற்றையும் நம்பியவர்கள் உண்டு. முதல்முதலாக உண்மை சொன்னேன், நம்ப ஆள் இல்லை. நான் செலினைப் பார்த்தேன். எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். என் பேச்சை வகுத்துச் சொல்வது அவள் வேலை அல்லவா?

அவள் என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை கழுவுனீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அவர் சொல்லுதது உண்மை சார்" என்றாள் இசக்கிராஜிடம். "இவர் பொய் சொன்னா நல்லா இருக்கும். இது நல்லா இல்ல."

"இருக்கலாம் சிஸ்டர். ஆனா உங்க பெரிய மீனு மேல ஒரு புள்ளி கிடையாதே. அதுக்கு நோய் இருக்குன்னு எத வச்சு எழுத? அப்படியே இருந்தாலும் புது மீன்ல இருந்துதான் அதுக்குப் போயிருக்கும்னு மேல கேப்பாங்க." அவர் தயங்கினார். "ஒரு வழி இருக்கு. எங்கிட்ட ஒரு பெட்டி இருக்கு. பெரிய தொட்டில வச்சுப் பாக்கலாம். ஆனா பழைய மீனுக்குப் பெட்டி கட்டாயம் கிடையாது. வீட்டுக்காரங்க சம்மதிக்கணும். ஒருதடவ பதிவாயிட்டா மருந்து குடுத்தே ஆகணும், திரும்ப எடுக்க முடியாது."

அப்போதுதான் ஜெனோவா சுவரிலிருந்து நகர்ந்து வந்தாள். "அத்தை, செம்புல போட்டா தொரை பிழைப்பானான்னு என்னால சொல்ல முடியாது. தெரிஞ்சுக்கிட்டுச் செய்ங்க."

பதினேழு வருஷமாகச் செலின் தொரைக்குப் பெட்டி வாங்கியதே இல்லை. எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். "அவன் என்ன நினைக்கான்னு எனக்குத் தெரியும், அத ஒரு பெட்டி வந்து எனக்குச் சொல்ல வேண்டாம்" என்பாள்.

அவள் கையை நீட்டினாள். இசக்கிராஜ் பையிலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அவளே கண்ணாடியைத் துடைத்து அவளே ஒட்டினாள். தொரை வழக்கம்போல மூக்கைக் கொண்டுவந்து கண்ணாடியில் வைத்தான். பெட்டி பச்சையாகக் கண் சிமிட்டியது. ஒரு நிமிஷம் இருக்கும்.

"அரிக்குது" என்றது பெட்டி. அதே நடுத்தர வயதுப் பெண் குரல்.

ஜெனோவா மூச்சை விட்டாள். இசக்கிராஜ் படிவத்தை எடுத்தார். பெட்டி இன்னும் முடிக்கவில்லை.

"பழகிப்போச்சு" என்றது.

தொரை பாறைக்குப் போய் விலாவை உரசினான்.

"இது போதும்" என்றார் இசக்கிராஜ் மெதுவாக. "பழகிப்போச்சுங்கிற வாக்கியம் புது அரிப்புக்கு வராது. செவுள்ல வருஷக்கணக்கான தழும்பு இருந்தாத்தான் வரும். நோய் இங்க இருந்துதான் அங்க போயிருக்கு. குளத்துக்குப் பவுடர் வேண்டாம்."

ஜெனோவா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கழுவாத கை என்றேன். பரவாயில்ல மாமா என்றாள்.

செலின் தொட்டியைவிட்டு நகரவில்லை. "நாப்பது வருஷம் வார்டுல இருந்தேன்" என்றாள், யாரிடம் என்று தெரியவில்லை. "ரொம்ப நாள் நோயாளி ஒருத்தரும் வலிக்குன்னு சொல்ல மாட்டாங்க. பழகிப்போச்சு சிஸ்டர்னுதான் சொல்லுவாங்க. அப்படிச் சொன்னா உடனே டாக்டரைக் கூப்பிடணும்னு சின்னப் பிள்ளைங்களுக்கெல்லாம் படிச்சுப் படிச்சுச் சொல்லிருக்கேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நாம இத ஆட்டம்னு ஊருக்கே காட்டியிருக்கோம். வாளி எடுங்க. செவப்பு."

ஜெனோவா அன்றைக்கே ஒரு பெரிய தொட்டியை வண்டியில் கொண்டுவந்து பின்னறையில் வைத்தாள். தொரை அதில், புதுசு அதன் சின்னத் தொட்டியில், இரண்டுக்கும் செம்பு மருந்து. கூடத்துத் தொட்டி எழுபத்தாறு நாள் மீன் இல்லாமல் கிடக்க வேண்டும், பூச்சி பட்டினியில் சாக. இசக்கிராஜ் தன் பெட்டியைத் தொரையின் கண்ணாடியில் விட்டுவிட்டு, முப்பதாம் நாள் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போனார்.

செலின் வார்டு போட்டாள். ஸ்டூல், மேஜை விளக்கு, ஒரு நோட்டு. நோட்டில் நேரம், மருந்து, தீனி, பேச்சு என்று கட்டம். என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "நீங்க கை கழுவல, நான் கல்லக் கழுவல" என்று சொல்லி ஒரு டம்ளர் காப்பியை நீட்டினாள். அத்துடன் அந்த வழக்கு முடிந்தது.

தொரை பேசினான். "இது எங்க?" என்றான். "பின்னறைடா, பக்கத்துலதான்" என்றாள். "தண்ணி கசக்குது" என்றான். "மருந்துடா, கசக்கத்தான் செய்யும்" என்றாள். பதினேழு வருஷம் அவள் பேசினாள், அவன் கேட்டான். இப்போது இருவரும் பேசினார்கள். நான் கூடத்தில் காலித் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அவர்கள் பேசியதை எழுதினால் ஒரு லாரி காகிதம் பிடிக்கும். நோட்டில் பதினொரு பக்கம்.

ஒன்பதாம் நாள் அவன் தீனியைத் தொடவில்லை. "முடியல" என்றான். ஒரு மணி நேரத்தில் ஆறு தடவை சொன்னான். ஆறையும் செலின் எழுதினாள். எழுத்து மட்டும் கோணியிருந்தது. ஜெனோவா ஓடி வந்து மருந்தைப் பாதியாகக் குறைத்தாள். மூன்று நாள் அவன் மூலையில் சாய்ந்து கிடந்தான். வாழ்நாளில் நான் கணக்கைக் கூட்டாமல் சொல்லும் மூன்று நாள் அவைதான். பன்னிரண்டாம் நாள் காலை செலின் கையிலிருந்த இறால் துண்டை வந்து பிடுங்கினான். அதன் பிறகு மருந்தைத் துளித் துளியாக ஏற்றினார்கள்.

பத்தொன்பதாம் நாள் பெட்டி பேசவில்லை.

காலையில் பேசவில்லை, மத்தியானமும் பேசவில்லை. செலின் பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். "கெட்டுப்போச்சு போல" என்றாள். நான் கழற்றி என் தாடையில் வைத்துப் பார்த்தேன். நான் மீன் இல்லை என்பதால் அதுவும் ஒன்றும் சொல்லவில்லை. ஜெனோவாவுக்குப் போன் போட்டோம்.

"தொரை நீந்துதானா?"

"நீந்துதான்."

"ஒரசுதானா?"

"ஒரசல."

"அப்புறம் என்ன அத்தை, பெட்டி நல்லாத்தான் இருக்கு. அவனுக்கு நோவு இல்ல. அந்த இருநூத்துச் சொச்சம் வாக்கியமும் நோவுக்கும் பசிக்கும் பயத்துக்கும் எழுதினதுதான். நல்லா இருக்குத மீனுக்குச் சொல்ல அதுல ஒண்ணுமே கிடையாது."

செலின் போனை வைத்தாள். நோட்டை எடுத்துப் பேச்சுக் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். இருபதாம் நாள் ஒரு கோடு. இருபத்தொன்று, ஒரு கோடு. அவள் அப்போதும் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தாள். அவனிடம் எதையாவது சொல்வாள், சொல்லிவிட்டுப் பெட்டியைப் பார்ப்பாள். தொரை மூக்கைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு நிற்பான். நிறம் ஏறி, கோடுகள் ஒவ்வொன்றும் நேற்றுப் போட்டது போல இருந்தன.

முப்பதாம் நாள் இசக்கிராஜ் வந்தார். இரண்டு மீனையும் பார்த்தார், சுத்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"பெட்டிய எடுத்துக்கிடலாமா சிஸ்டர்?"

"இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டுமே சார்" என்றாள் செலின்.

"எதுக்கு? அதான் குணமாயிட்டே."

"இல்ல, ஒருவேள எதும் சொன்னாம்னா..."

பாதியில் நிறுத்தினாள். தொரையைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்ப் பெட்டியைக் கண்ணாடியிலிருந்து பிடுங்கி, முந்தானையில் துடைத்து, அவர் கையில் வைத்தாள்.

"கொண்டு போயிருங்க சார்" என்றாள். "இப்பமே."